மலையில் பெய்யும் மழை, நகரில் புகும் வெள்ளம்: திருவனந்தபுரம் உணர்த்தும் பாடம்

வித்துரா (திருவனந்தபுரம்): கேரளத்தின் பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் வித்துரா. இதன் அருகே கரமனை ஆற்றின் குறுக்கே 1983-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேப்பாறை அணை, தலைநகர் திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் அளித்து வருகிறது. நகரின் தாகம் தணிக்கும் இதே ஆறு, மழைக்காலத்தில் அதன் தாழ்வான பகுதிகளுக்கு வெள்ளத்தையும் கொண்டு சேர்க்கிறது. ஆகவே, வெள்ளத்தைத் தாங்கும் நகரைத் திட்டமிடும் பணி மலையடிவாரத்தில் தொடங்கிக் கடல் முகத்துவாரம் வரை நீள வேண்டியுள்ளது.

குறுகிய ஆறு, குறைந்த அவகாசம்

அகத்தியமலைப் பகுதியில் உற்பத்தியாகும் கரமனை ஆற்றின் நீளம் சுமார் 68 கிலோமீட்டர் மட்டுமே. மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கல்லணையை வந்தடைய ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். கரமனை ஆற்றிலோ, மலையில் பெய்த மழை சில மணி நேரத்திலேயே நகரின் விளிம்பைத் தொட்டுவிடும்.

பேப்பாறைக்குக் கீழே உள்ள அருவிக்கரை நீர்த்தேக்கம் அளவில் சிறியது. பெருவெள்ளத்தைத் தேக்கி வைக்கும் கொள்ளளவு அதற்கு இல்லை என்பதால், கனமழையின்போது மதகுகளைத் திறப்பது தவிர்க்க முடியாததாகிறது. 2020 மே மாதம் ஓர் இரவில் பெய்த கனமழையின்போது இம்மதகுகள் திறக்கப்பட்டன. கரமனை, கிள்ளியாறு கரையோரங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றின் கரைகள் மூழ்கியபோது சென்னையில் எழுந்த கேள்வியும் இதுவே.

இதில் உள்ள சிக்கல் எளிதானதன்று. குடிநீருக்காக நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க அதில் வெற்றிடம் இருக்க வேண்டும். வானிலை முன்னறிவிப்பின் அடிப்படையில் நீரைப் பகலிலேயே படிப்படியாக வெளியேற்றுவதும், கரையோர மக்களுக்கு உரிய நேரத்தில் தகவல் சென்றடைவதை உறுதி செய்வதுமே இவ்விரண்டையும் சமன் செய்யும் வழி.

நகருக்குள் நெரிபடும் தோடுகள்

நகருக்குள் பெய்யும் மழைக்கு வேறு பாதை உண்டு. ஆமையிழஞ்சான், பட்டம், உள்ளூர் ஆகிய தோடுகள் (சிற்றோடைகள்) ஆக்குளம் ஏரியில் கலந்து, வேளி முகத்துவாரம் வழியாகக் கடலை அடைகின்றன. முகத்துவாரத்தை மணல்திட்டு மூடியிருந்தால் நீர் வடிவதற்கு வழியில்லை. 2023 அக்டோபர் நடுப்பகுதியில் பெய்த கனமழையில் கண்ணம்மூலை உள்ளிட்ட தாழ்வான குடியிருப்புகளும், தெற்றியாறு பெருகியதால் டெக்னோபார்க் சுற்றுப்பகுதியும் நீரில் மூழ்கின.

தம்பானூர் பகுதியில் அடிக்கடி தேங்கும் நீரை அகற்ற, 2015-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் மழைநீர் வடிகால்கள் தூர்வாரப்பட்டு, ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. ஆனால், தூர்வாரும் பணி ஒருமுறையோடு முடிந்துவிடுவதன்று. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் 2024 ஜூலையில் குப்பை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள்தான் அவரது உடல் மீட்கப்பட்டது. வடிகாலைப் புறக்கணிக்கும் நகரம், அதன் விலையை யாரிடமிருந்து வசூலிக்கிறது என்பதை அச்சம்பவம் காட்டியது.

ஆற்றுக்கு இடம்

400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2018 வெள்ளத்துக்குப் பின், கேரள அரசின் கவனம் நெதர்லாந்தின் 'நதிக்கு இடம்' திட்டத்தின் பக்கம் திரும்பியது. முதலமைச்சர் பினராயி விஜயன் 2019-இல் அங்கு நேரில் சென்று பார்வையிட்டார். நெதர்லாந்தில் 1995-ஆம் ஆண்டு வெள்ள அபாயத்தால் சுமார் 2.5 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். கரைகளை மேலும் மேலும் உயர்த்துவது போதாது என உணர்ந்த அந்நாடு, ஆறு பரவுவதற்கான நிலத்தைத் திருப்பித் தந்தது. நைமேகன் நகரில் ஆற்றின் கரை 350 மீட்டர் பின்னால் தள்ளி அமைக்கப்பட்டது. ஓவர்டீப் என்ற இடத்தில் விவசாயிகளே முன்வைத்த யோசனையின்படி, பண்ணை வீடுகள் செயற்கை மேடுகளுக்கு மாற்றப்பட்டன.

மக்கள் நெருக்கம் மிகுந்த கேரளத்தில் இதை அப்படியே பின்பற்ற இயலாது. எனினும், வெள்ளநீரை ஏற்றுக்கொள்ளும் நிலம் இங்கும் உண்டு. அதன் பெயர் வயல். நெல்வயல்களையும் சதுப்பு நிலங்களையும் பாதுகாக்க 2008-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஒரு வயல் மண்ணிட்டு நிரப்பப்படும்போது, அங்கு தேங்க வேண்டிய நீர் அடுத்த தெருவைத் தேடிச் செல்கிறது.

திட்டத்தில் இடம்பெற வேண்டியவை

மலைச்சரிவுகளில் காடுகளையும் மண்ணையும் காத்தல், அணைகளின் மதகு இயக்கத்துக்கு வெளிப்படையான விதிமுறை, எஞ்சியுள்ள வயல்களையும் குளங்களையும் காத்தல், பருவமழைக்கு முன்பே தோடுகளைத் தூர்வாரி முகத்துவாரத்தைத் திறத்தல் ஆகியவை ஒரே திட்டத்தின் பகுதிகளாக அமைய வேண்டும். தற்போது இவை வனத்துறை, நீர்வளத்துறை, உள்ளாட்சி அமைப்புகள், ரயில்வே எனப் பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன.

கரையோரம் வசிப்போரில் பெரும்பாலானோர் வேறிடம் வாங்க வசதியற்றவர்கள். அவர்களை இடம் மாற்றுவது தவிர்க்க முடியாததாயின், வேலைக்கும் பள்ளிக்கும் அருகிலேயே மாற்று வீடு தரப்பட வேண்டும். தொலைவில் குடியமர்த்தப்பட்டோர் மீண்டும் ஆற்றங்கரைக்கே திரும்ப நேரிடும். வித்துரா மலைகளில் மழை வலுக்கும் இரவில் கரமனைக் கரையில் வசிக்கும் குடும்பம் அச்சமின்றி உறங்க முடிகிறதா என்பதே அத்திட்டத்தின் வெற்றியை அளக்கும் கோலாகும்.