உங்கள் நடையே உங்களைக் காட்டிக் கொடுக்கும்… தெரியுமா?

ஆம்பூரில் ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனி வாசலில் கூட்டம் கூட்டமாய் வெளியே வருகிறார்கள். யார் நிதானமாக நடக்கிறார், யார் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்? பாக்கெட்டில் கிடக்கும் போனைக் கேட்டால் சொல்லிவிடும், தெரியுமா?

எப்படி? போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்றொரு குட்டிச் சில்லு! உங்கள் உடம்பின் குலுக்கலை மூன்று திசைகளிலும் அளந்துகொண்டே இருக்கும். நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் 2010 வாக்கில் 29 பேரின் பேன்ட் பாக்கெட்டில் போனைப் போட்டு நடக்கவும் ஓடவும் விட்டார்கள். நொடிக்கு 20 அளவுகள். 10 நொடி போதும்… நடையா, ஓட்டமா, உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா? கணினி சொல்லிவிட்டது! அது திணறிய இடம் எது தெரியுமா? படி ஏறுகிறாரா, இறங்குகிறாரா என்பதில்தான்!

அதே குழு அடுத்துக் கேட்ட கேள்விதான் அசத்தல். என்ன செய்கிறார் என்பது இருக்கட்டும், ஆள் யார்? 36 பேரின் நடைத் தரவைக் கொடுத்தார்கள். 10 நொடியில் கணினி தடுமாறியது. சில நிமிடத் தரவைச் சேர்த்துக் கொடுத்ததும்? 36 பேரும் சிக்கினார்கள்! பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், கைரேகை வேண்டாம்!

தப்பிக்க வழி? ஆம்பூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்! நார்வேயில் 2008இல் வந்த ஆய்வில் காலில் சென்சார் கட்டிப் பார்த்தார்கள். கனமான ஷூ போட்டால் ஆளைப் பிரித்தறிவது கஷ்டமாகிறதாம்! காலின் எந்த அசைவு அதிகம் காட்டிக் கொடுக்கிறது? முன்னும் பின்னுமா? இல்லை, பக்கவாட்டு அசைவு!

பாதத்துக்கும் இந்தியாவில் பெரிய கணக்கெடுப்பு நடந்தது தெரியுமா? சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதத்தை அளந்தது, அதுவும் முப்பரிமாண ஸ்கேனரில்! நம் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம். பெண்களின் பாத வளர்ச்சி சராசரியாக 11 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. நம்ப முடிகிறதா? இதிலிருந்து பிறந்ததுதான் 'பா' என்ற இந்திய ஷூ அளவு!

நடையை ஆராய்வது ஆம்பூருக்குப் பக்கத்திலுள்ள வேலூருக்குப் புதிதா என்ன? 1946இல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த கை கால்களுக்காகவே உழைத்தவர். பின்னாளில் அமெரிக்காவில் அவர் பயன்படுத்திய காலுறை பலே! உள்ளே சாயம் நிரம்பிய நுண்குமிழிகள். அழுத்தம் கூடும் இடத்தில் குமிழி உடைந்து நிறம் காட்டும். சில்லு கிடையாது, பேட்டரி கிடையாது!

ஆம்பூர் வழியே போகும் நெடுஞ்சாலையின் அந்தக் கோடி பெங்களூரு. அங்கே மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் 2008லேயே 'நெரிசெல்' என்ற திட்டத்தில் போனை வைத்துச் சாலைக் குழி, திடீர் பிரேக், ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள்!

போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் உங்கள் பேச்சையும் ஓரளவு ஒட்டுக்கேட்கும், தெரியுமா? குரலின் அதிர்வே போதும் என்று 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மைக்குக்கு ஆப் உங்களிடம் அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டில் இந்தச் சென்சார்களுக்கு? நொடிக்கு 200 அளவு வரை கேட்கவே வேண்டாம்!

நிலம் நடுங்கினாலும் போனுக்குத் தெரியும்! சார்ஜில் அசையாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் அதிர்வை உணர்ந்து தகவல் அனுப்ப, கூகுள் எச்சரிக்கை விடுக்கும். இந்தியாவுக்கு இது வந்தது 2023 செப்டம்பரில். வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில் நிலம் குலுங்கியதோ 2021 நவம்பர் 29 அதிகாலை. அளவு 3.6! வசதி அன்றே இருந்திருந்தால்? ஊஹூம்! 4.5ஐத் தொட்டால்தான் எச்சரிக்கை. பக்கத்துத் தெருவுக்கு நீங்கள் ஓடியதைக் கண்டுபிடிக்கும் போன், அன்றைக்கு வாயே திறந்திருக்காது!