கோப்பைக்குப் பின்னால் இருக்கும் ரப்பர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பேசப்போவது கழிவறை பற்றித்தான். முகம் சுளிக்காமல் கேட்டால் ஒரு பிளம்பர் கூலி மிச்சமாகலாம்.

தினமும் தேய்த்துக் கழுவி, ஃபினாயில் ஊற்றினாலும் சில வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டில் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை அடிக்கும். தரையில் சொட்டு ஈரம் இருக்காது. முதலில் தரையில் உள்ள நஹானி ட்ராப் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். அப்படியும் வாடை போகவில்லை என்றால், கோப்பையின் பின்பக்க வாயையும் கழிவுக் குழாயையும் சேர்க்கும் ரப்பர் கனெக்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கோப்பைக்குள் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் செப்டிக் டேங்க் வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் அடைக்கிறது. கனெக்டரோ அந்தத் தண்ணீருக்கு அப்பால், குழாய்ப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நூல் இடைவெளி விழுந்தாலும் வாயு நேராக அறைக்கு வந்துவிடும். தண்ணீர் அந்த வழியே போவது ஃப்ளஷ் செய்யும் சில நொடிகள்தான். வாயு பகலும் இரவும் அங்கேயே நிற்கிறது. அதனால் ஒரு சொட்டுகூடக் கசியாத இணைப்பும் நாறலாம்.

கனெக்டருக்கு ஒரே வேலை, அடைப்பது. கோப்பையைத் தாங்குவதும் குழாயின் கோணலை நிமிர்த்துவதும் அதன் வேலை அல்ல. அந்த வேலைகளையும் அதன் தலையில் கட்டும்போதுதான் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளக்கிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் அளவெடுங்கள். ‘நாலு இஞ்ச் கனெக்டர்’ என்று மட்டும் கேட்டால் போதாது. நாம் நாலு இஞ்ச் என்று சொல்லும் பி.வி.சி. குழாய்க்கு வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். கோப்பை வாயின் வெளிவிட்டம், குழாயின் உள்விட்டம், இரண்டின் நடுவும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விலகலே இல்லை என்றால் நேர் கனெக்டர்; கொஞ்சம் விலகினால் ஆஃப்செட் கனெக்டர். மடிப்பு மடிப்பாக நீளும் ஃப்ளெக்சிபிள் வகை, வேறு வழியே இல்லாதபோது மட்டும். அதை இழுத்து மாட்டினால் நடுவில் தொய்யும். மடிப்புகளில் கழிவு தங்கும்.

கோப்பையைக் கழற்றுமுன் ஆங்கிள் காக்கை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து, மிச்சத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். கோப்பை வாயில் பழைய வெள்ளை சிமெண்ட் ஒட்டியிருந்தால் பொறுமையாகச் சுரண்டுங்கள். சுத்தியல் வேண்டாம், பீங்கான் தெறிக்கும். குழாயின் வெட்டு முனையில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். பிசிறு ரப்பரைக் கீறிவிடும்.

பிறகு எதையும் தடவாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கோப்பை தரையில் ஆடாமல் உட்கார்ந்து, அதன் வாய் குழாய்க்கு நேராக வருகிறதா என்பதே இங்கே கேள்வி. ஆடினால் தரைமட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள். இந்த ஒத்திகைக்கு ஆகும் நேரம் வீண் இல்லை.

இனி மாட்டலாம். குறுகலான வளையலை ஏற்றச் சோப்பு தடவுவோமே, அதுபோல ரப்பர் விளிம்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் கூடாது. ரப்பர் ஊதி இளகிவிடும். கழிவுக் குழாயில் முதலில் கனெக்டரைச் செருகி, பிறகு கோப்பையை இரு பக்கமும் சமமாகப் பிடித்து நேராகத் தள்ளுங்கள். ரப்பர் விளிம்பு எங்கும் உள்ளே மடங்கக் கூடாது. விரலை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். தரை ஸ்குரூக்களைப் பிளாஸ்டிக் வாஷர் போட்டு, இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

தண்ணீர்க் கசிவைச் சோதிக்கச் சொட்டு நீலம் போதும். இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி, கோப்பைத் தண்ணீரில் நீலம் கலந்து, ஃப்ளஷ் செய்யுங்கள். தாளில் நீலம் ஏறினால் கனெக்டரில் கசிவு. நிறமில்லாமல் நனைந்தால் தண்ணீர் மேலே சிஸ்டர்ன் பக்கமிருந்து வருகிறது. கனெக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். நான்கைந்து முறை ஃப்ளஷ் செய்தும் தாள் காய்ந்தே இருந்து, வாடையும் அடிக்கவில்லை என்றால், கோப்பையின் அடியைச் சுற்றி சிலிகான் பூசலாம். பின்பக்கம் சிறிது இடம் விட்டுப் பூசுங்கள். நாளைக்குக் கசிந்தால் அந்த வழியே தெரியும்.

பிளம்பரை வைத்தே செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இணைப்பு சரியாகச் சேரவில்லை என்று அவர் வெள்ளை சிமெண்ட் குழைக்கத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலிலும் குளிரிலும் பி.வி.சி. நீண்டு சுருங்கும் அளவு பீங்கானைவிடப் பல மடங்கு. நடுவில் விறைத்து நிற்கும் சிமெண்ட் விரிசல் விடாமல் என்ன செய்யும்? சேரவில்லை என்றால் அளவோ நேரோ தப்பியிருக்கிறது. வேறு கனெக்டர் வாங்கி வரச் சொல்லுங்கள், அல்லது குழாயை நகர்த்தச் சொல்லுங்கள்.