கலையைப் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால்...

"பி.காம். முடிச்சுடறேன் அப்பா. ஆனா அதுக்கப்புறம் பாங்க் பரீட்சை எழுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள் இப்படிச் சொன்னபோது வீட்டில் இரண்டு நாள் சரியான பேச்சுவார்த்தை இல்லை. தில்லிக்கு வந்து கணக்குத் துறையிலேயே தலை நரைத்தவன் நான். நாடகம் என்பது சங்கத்து ஆண்டு விழாவோடு முடிந்துவிடுகிற சமாசாரம் என்று நினைத்திருந்தவன். அவளோ கல்லூரி நாடகக் குழுவில் நடிப்பாள், ஆர்.கே.புரம் மலை மந்திரில் காவடிகளைப் படம் பிடிப்பாள். தோழிகளோடு சேர்ந்து குறும்படம் எடுப்பாள். ஒன்றிலும் நிலைக்காமல் அலைகிறாளே என்பதுதான் என் பெரிய கவலை. அந்தக் கவலை தீர நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்து கொண்டதை, இதே கேள்வி எழுந்திருக்கும் நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான்கும் வேறு வேறா?

முதலில் எனக்குப் புரிந்தது, இவை ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக் கொடுக்கும் கலைகள் என்பது. புகைப்படம் எடுப்பவர் எதைக் காட்டுவது என்பதை விட எதை விட்டுவிடுவது என்பதைத்தான் முதலில் கற்கிறார். நாடக மேடையில் அந்தச் சட்டம் கிடையாது. பார்ப்பவர் கண் எங்கு வேண்டுமானாலும் போகும். அதை ஒளியாலும், நடிகர் நிற்கும் இடத்தாலும் இயக்குநர் இழுத்துப் பிடிக்க வேண்டும். மேடை நடிகர் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் பாத்திரத்தைச் சுமக்கிறார். சினிமாவிலோ முடிவை முதல் நாளும் தொடக்கத்தைக் கடைசி நாளும் எடுப்பார்கள். உணர்ச்சியைத் துண்டு துண்டாக மனத்தில் கோத்து வைத்திருக்க வேண்டும். நசீருதீன் ஷாவும் ஓம் புரியும் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற பிறகு புனே திரைப்படக் கல்லூரிக்கும் போய்ப் படித்தது இதனால்தான் போலும்.

முன்னே நடந்தவர்கள்

'காதலன்' (1994) படத்தில் கவர்னராக வந்த கிரீஷ் கர்னாடை நாம் அறிவோம். அவர் தார்வாடில் படித்தது கணிதமும் புள்ளியியலும். 1961-இல் 'யயாதி', 1964-இல் 'துக்ளக்' நாடகங்களை எழுதினார். 1963 முதல் 1970 வரை சென்னையில் ஒரு பதிப்பகத்தில் உத்தியோகம் பார்த்துக் கொண்டே நாடகமும் போட்டார். 1970-இல் 'சம்ஸ்காரா' கன்னடப் படத்துக்குத் திரைக்கதை எழுதி, முக்கிய வேடமும் ஏற்றார். 1974-இல் புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநர். 1988 முதல் 1993 வரை சங்கீத நாடக அகாடமியின் தலைவர்.

நம் தில்லியிலேயே இப்ராஹிம் அல்காசி இருந்தார். 1962 முதல் 1977 வரை தேசிய நாடகப் பள்ளியை நடத்தியவர். 1974-இல் புராணா கிலா இடிபாடுகளையே மேடையாக்கி 'துக்ளக்'கை அரங்கேற்றினார். பின்னர் மனைவி ரோஷனுடன் ஓவியக் கூடம் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களைப் பெரும் தொகுப்பாகச் சேர்த்துக் காத்தார். 2020-இல் காலமானார்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி நம்மவர். இங்கிருந்து 'மழை', 'ஔரங்கசீப்' போன்ற நாடகங்களை எழுதினார். பின்னர் புதுவையில் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். இவர்கள் ஒருவரும் ஒரே வாசலில் நின்றுவிடவில்லை.

எங்கே படிப்பது?

தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கியது. மண்டி ஹவுஸ் அருகே இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, ஆண்டுக்குச் சுமார் 30 பேரைத்தான் எடுக்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டமும், ஆறு நாடகங்களிலாவது பங்கு பெற்ற அனுபவமும் கேட்கிறார்கள். இந்தியும் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். இதில் வடக்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. தேர்வாகிறவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. சினிமாவுக்குப் புனேயும் (1960), கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனமும் (1995) இருக்கின்றன. இவற்றின் முக்கியப் படிப்புகளுக்கும் பட்டம் தேவை. புகைப்படத்துக்கு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. விதிகள் மாறக்கூடும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆக, "முதலில் டிகிரி" என்ற நம் பிடிவாதமும் பிள்ளையின் ஆசையும் மோத வேண்டியதே இல்லை. இது தெரியாமல்தான் நாங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

ஒரு கணக்கு நோட்டு

என் மனம் மாறியது இந்த விவரங்களால் மட்டுமல்ல. கல்லூரி நாடகக் குழுவுக்கு அவள் செயலாளராக இருந்தபோது எழுதிய நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. அரங்க வாடகை, விளக்கு வாடகை, ஒத்திகை நாள் டீ, சமோசா, டிக்கெட் வசூல் எல்லாம் தேதிவாரியாக இருந்தன, ரசீதுகளும் ஒட்டியிருந்தன. ஓரிடத்தில், "விளக்குக்காரர் வரவில்லை, அட்வான்ஸ் திரும்பவில்லை, டியூப்லைட்டிலேயே நடத்தினோம்" என்று எழுதியிருந்தாள். ஆறு ரூபாய் கூட இடிக்கவில்லை. கலை நிறுவனத்தை நடத்துவது என்றால் என்ன என்று அன்றுதான் விளங்கியது. அது நான் ஆயுள் முழுதும் செய்த வேலைதான். அவள் பிடித்த காரியத்துக்காகச் செய்கிறாள், அவ்வளவே வித்தியாசம்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். முதல் முயற்சியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது குழந்தைகளுக்கான நாடகக் குழு ஒன்றில் மேடை நிர்வாகம் பார்க்கிறாள். சம்பளம் வெளியே சொல்லும்படி இல்லை. மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள். எத்தனை முறை என்று மட்டும் ஒரு வரம்பு பேசி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால், உடனே 'சரி' என்றோ 'கூடாது' என்றோ சொல்லிவிடாதீர்கள். பிள்ளை இதுவரை செய்ததை ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். நான் அதை இரண்டு வருஷம் தாமதமாகச் செய்தேன்.