ஆட்டின் வயிற்றில் என்ன புழு?

மாரிக்காலம் முடிந்ததும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் புல் செழித்திருக்கும். ஆடுகளுக்கு வயிறு நிறைய மேய்ச்சல். ஆனாலும் சில ஆடுகள் மெலிந்து, மந்தையின் பின்னால் தள்ளாடி நடக்கும். தாடைக்குக் கீழே பை போல வீக்கம் தொங்கும். பெரும்பாலும் பேதியும் இராது. ஒருநாள் காலையில் பட்டியில் இறந்து கிடக்கும். காரணம் என்ன?

இரத்தம் குடிக்கும் புழு

ஆடு மாடுகளின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? நான்காம் அறையில் வாழும் ஓர் உருளைப்புழுவே பெரும்பாலும் இதற்குக் காரணம். அதன் பெயர் ஹீமாங்கஸ் கண்டார்டஸ். மாடுகளில் இதன் நெருங்கிய உறவான ஹீமாங்கஸ் பிளாசி காணப்படுகிறது.

பெண் புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிறைந்த சிவந்த குடலை வெண்ணிறக் கருப்பை சுற்றிக்கொண்டிருக்கும். சிவப்பும் வெள்ளையுமான இரு பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கியது போலத் தோன்றும். இறந்த ஆட்டை அறுத்துப் பார்க்கும் மருத்துவர் இதைக் கொண்டே புழுவை அறிவார்.

ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கப்படும் இரத்தம் ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். ஒரு துளிதானே என்கிறீர்களா? 1,000 புழுக்கள் இருந்தால் 50 மில்லிலிட்டர்! 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள இரத்தமே சுமார் ஒன்றரை லிட்டர்தான். இரத்தத்தோடு புரதமும் வெளியேறுவதால் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் குறைகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. தலை தாழ்த்தி மேயும் ஆட்டில் அந்நீர் தாடைக்கடியில் தேங்குகிறது. இதுவே அந்த வீக்கம்.

உயிருள்ள ஆட்டில் எப்படி அறிவது?

கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். செந்நிறமானால் நலம், வெளுத்திருந்தால் இரத்தசோகை. தென்னாப்பிரிக்காவில் இதற்கென ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையையே உருவாக்கினார்கள். எனினும் இரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே புழுக்கையைச் சோதிக்க வேண்டும்.

இங்கேதான் ஆர்க்கிமிடீஸ் உதவிக்கு வருகிறார். பெண் புழு நாளொன்றுக்கு 5,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். முட்டையின் ஒப்படர்த்தி 1-ஐ விடச் சற்றே அதிகம். ஆகவே நீரில் மூழ்கும். தெவிட்டிய உப்புக் கரைசலின் ஒப்படர்த்தியோ ஏறக்குறைய 1.2. புழுக்கையை அதில் கரைத்து வடிகட்டினால் முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை நுண்ணோக்கியில் காணலாம்.

ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, இக்கரைசலில் மிதப்பதில்லை. அதற்கு நீரில் கரைத்துத் தெளியவிட்டு, அடியில் படிந்ததைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல உருளைப்புழுக்களின் முட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும். எனவே சாணத்தை ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸில் ஒரு வாரத்துக்கு மேல் ஈரமாக வைத்து, வளரும் இளம் புழுக்களின் வால் அமைப்பைக் கொண்டு இனம் பிரிக்கிறார்கள்.

கணக்கு எதற்கு?

3 கிராம் புழுக்கையை 42 மில்லிலிட்டர் கரைசலில் கலந்தால் மொத்தம் ஏறக்குறைய 45 மில்லிலிட்டர். அதில் 0.3 மில்லிலிட்டரை மட்டும் எடுத்து எண்ணுகிறோம். 24 முட்டைகள் தெரிந்தால், கிராமுக்கு எத்தனை? 50-ஆல் பெருக்குங்கள்: 1,200. ஏன் 50 என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

மருந்து கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் எண்ண வேண்டும். மருந்து நன்கு வேலை செய்தால் 95 விழுக்காட்டுக்கு மேல் குறையும். அதாவது 60-க்குக் கீழே வரும். 400 என்று நின்றால்? மருந்தின் அளவு குறைந்திருக்கலாம். அல்லது புழு அம்மருந்துக்குப் பழகிவிட்டது. எல்லா ஆடுகளுக்கும் அடிக்கடி ஒரே மருந்தைக் கொடுத்ததால் பல நாடுகளிலும், நம் நாட்டிலும், இந்நிலை தோன்றியுள்ளது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆடு மெலிந்தால், கையுறை அணிந்து புதுப் புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்தை வாங்குவதற்கு முன் புழுவை அறிவதே சிக்கனம். ஆட்டுக்கும் அதுவே பாதுகாப்பு.