முப்பது ஆண்டு தள்ளி ஒரு லட்சம் வெள்ளி

கிள்ளானில் லோரி ஓட்டும் ஒருவர், முப்பது ஆண்டு கழித்து ஒரு லட்சம் வெள்ளி கிடைக்கும்படி காப்புறுதி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக நிறுவனம் இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? இந்தக் கணக்கைப் போடுபவர்தான் ஆக்சுவரி. போட்ட பணம் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளரும் என்று அவர் எடுத்துக்கொண்டால் 23,138 வெள்ளி போதும். 4 விழுக்காடு என்றால் 30,832. மூன்றுதான் என்றால் 41,199. லோரிக்காரர் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை. ஊகம் இரண்டு புள்ளி இறங்கியதற்கே கையிருப்பு முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது!

ஆனால் அவருடைய சந்தா ஏறாது. ஒப்பந்தத்தில் எழுதியது எழுதியதுதான். பற்றாக்குறையை நிறுவனம் தன் மூலதனத்திலிருந்து கட்ட வேண்டும். லாபப் பங்கு தரும் பாலிசியானால் போனஸ் குறையும். புதிதாகச் சேருகிறவருக்குத்தான் புது விலை.

ஆயுளும் ஓர் ஊகமே. 1999 முதல் 2003 வரை காப்புறுதி வைத்திருந்த மலேசியர்களின் இறப்பு அனுபவத்தை வைத்துத் தயாரானது எம்9903 அட்டவணை. மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் இறப்புக் காப்புறுதி மலிவாகும். வாழ்நாள் முழுக்க மாதாமாதம் பணம் தரும் திட்டத்தின் விலையோ ஏறும். ஊகம் பொய்த்துவிட்டால்? அதற்காகத்தான் 2009 முதல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, நடுத்தர மதிப்பீட்டுக்கு மேல், நூற்றுக்கு 75 வாய்ப்பில் போதுமானதாக இருக்கும் அளவுக்குக் கையிருப்பு வைக்கச் சொல்கிறது.

மருத்துவக் காப்புறுதியில் கதை வேறு. அங்கே சந்தாவுக்கு உத்தரவாதம் கிடையாது. செலவு ஊகம் தவறினால் விலையேற்றக் கடிதம் நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கே வரும். 2021 முதல் 2023 வரை மருத்துவக் கோரிக்கைச் செலவு மொத்தம் 56 விழுக்காடு கூடியது. கடிதங்கள் குவிந்தன, மக்கள் கொதித்தார்கள். 2024 டிசம்பர் 20 அன்று பேங்க் நெகாரா தலையிட்டது: உயர்வை மூன்று ஆண்டுக்காவது பரப்ப வேண்டும்; அதனால் 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும் என்று அது எதிர்பார்த்தது.

அந்த அறிவிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. விலையேற்றம் தாங்காமல் அந்த ஆண்டில் பாலிசியை விட்டவர்கள் கேட்டால், புதிதாக உடல்நிலையை ஆராயாமல் திரும்பச் சேர்க்க வேண்டும். ஏனென்றால், பாலிசியை எத்தனை பேர் விடுவார்கள் என்பதும் ஆக்சுவரியின் ஊகங்களில் ஒன்று. திடகாத்திரமானவர் எளிதில் விட்டுவிடுவார். நீரிழிவுக்காரரும் இதய நோயாளியும் கடன் வாங்கியாவது கட்டுவார்கள். அப்போது மிஞ்சியவர்களின் சராசரிச் செலவு கூடும், அடுத்த கடிதத்தில் சந்தா இன்னும் ஏறும்.