தேர்வு முடிவும் தறியும்

2024 மே 6, காலை 9.30 மணி. பிளஸ் டூ எழுதிய சுமார் 7 லட்சத்து 60 ஆயிரம் மாணவர்களுக்கு முடிவு வெளியான நேரம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் சென்னையிலும் எத்தனை விரல்கள் ஒரே சமயத்தில் பதிவெண்ணைத் தட்டியிருக்கும்! இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பதில் சொல்லும் கணிப்பொறியை 'சர்வர்' என்கிறோம். அது திணறாமலிருக்க என்ன வழி?

பதிவெண்ணை வாங்கி, மதிப்பெண்ணைத் தேடி, பக்கமாக எழுதித் தருவது ஒரு சிறு நிரலின் வேலை. இதற்கு 1993-இல் அமெரிக்காவில் வகுத்த முறை சி.ஜி.ஐ. கேள்வி வந்ததும் நிரலை நினைவகத்தில் ஏற்றி ஓட்டுவார்கள். பதில் தந்ததும் நிரல் முடிந்துவிடும். அடுத்த கேள்விக்கு மீண்டும் முதலிலிருந்து.

அருப்புக்கோட்டைத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு சேலைக்கும் புதிதாகப் பாவு பிணைக்கிற நெசவாளர் உண்டா? ஒரு பாவில் பல சேலை நெய்வார். 1996-இல் வந்த ஃபாஸ்ட் சி.ஜி.ஐ. முறையும் அப்படித்தான். நிரல் தயாராகக் காத்திருக்கும். கேள்விகள் வரிசையாக வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். நிரலை ஏற்ற 100 மில்லி விநாடி, உண்மையான வேலைக்கு 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால், முதல் முறையில் விநாடிக்கு 9 பேருக்குத்தான் பதில். இரண்டாவதில் 100 பேருக்கு!

மூன்றாவது வழியும் உண்டு. மாட் பெர்ல் போன்றவை நிரலை ஓட்டும் பொறியைச் சர்வருக்குள்ளேயே பதித்துவிடும். கடைக்குள்ளேயே தறி போட்டதைப் போல. வேகம்தான், ஆனால் வெறும் படத்தை எடுத்துக் கொடுக்கும்போதும் தறியின் பாரத்தைக் கடை சுமக்க வேண்டும்.

காத்திருக்கும் நிரலில் ஓர் ஆபத்து இருக்கிறது. எழுதியவர் கவனக்குறைவாக இருந்தால், முந்தைய மாணவரின் மதிப்பெண் நினைவகத்திலேயே தங்கி, அடுத்தவர் திரையில் தோன்றிவிடலாம்! சி.ஜி.ஐ.யில் இந்தப் பயம் குறைவு. ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தொடங்குகிறதே. நாளைக்குப் பத்துப் பேர் வரும் பள்ளி நூலகப் பட்டியலுக்கு அதுவே போதும்.

தேர்வு முடிவுக்கோ? என்னைக் கேட்டால், இந்த மூன்றும் வேண்டாம். வெளியான மதிப்பெண் மணிக்கு மணி மாறுவதில்லை. ஆகவே முந்தைய இரவே பதிவெண்ணுக்கு ஒரு பக்கம் எழுதி, பூட்டி வைத்துக்கொண்டு, 9.30-க்குத் திறந்துவிடலாம். நெய்த சேலையை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவதுபோல! பிறந்த தேதியைச் சரிபார்த்த பிறகே காட்ட வேண்டுமானால், அந்தச் சிறு சோதனைக்கு மட்டும் ஃபாஸ்ட் சி.ஜி.ஐ.யை வைத்துக்கொள்ளலாம்.