பச்சைத் தேயிலையும் குரக்கன் மாவும்

வெல்லவாயவிலிருந்து பெரகலை நோக்கி மலையேறுகின்ற வீதி, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து கொஸ்லந்தையை அடைகின்றது. அவ்வூருக்கு மேலே, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில் உள்ளது மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயன்களை மண்ணுக்குள் புதைத்தது. உலகம் அவ்வூரின் பெயரை அறிந்தது அத்துயரினாலேதான். ஆயினும் அவ்வூரின் இருப்பிடத்திற்கு வேறொரு தன்மையும் உண்டு. அது தேயிலை நாட்டின் விளிம்பு. மேலே அப்புத்தளை வரையில் தேயிலை. கீழே வெல்லவாய, மொனராகலைப் பக்கத்து வரண்ட நிலத்தில் சேனைப்பயிராகக் குரக்கன். தமிழ்நாட்டார் கேழ்வரகு என்பதும் கேப்பை என்பதும் இக்குரக்கனையே.

ஒரே வீதியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் விளைகின்ற இவ்விரு பொருள்களுள் எதுவும் லயத்து அடுப்படியில் அதன் நல்ல வடிவில் இல்லை. அங்குள்ள தேயிலை பெரும்பாலும் தூள் வகை; மாவோ கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை என்றே சொல்லிவிடலாம். கப்பலில் வந்திறங்குகின்ற தானியமே ஆலைகளில் மாவாகி, மலைநாட்டில் ரொட்டியாகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அம்மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, தோட்டத்து வீடுகளில் ரொட்டியின் எண்ணிக்கை குறைந்தது. விளையாத தானியத்தை நம்பி ஒரு மக்கட்கூட்டம் உண்டு வாழ்வதன் பொருள் என்னவென்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

அண்மைக் காலத்தில், கோதுமை சேராமல், பச்சைத் தேயிலைத் தூள் கலந்து சுடப்படுகின்ற ‘பிரவுனி’ என்னும் இனிப்பு, நகரத்துக் கடைகளில் உடல்நலத்துக்கு உகந்த பண்டம் என்ற பெயரோடு விலையாகின்றது. தேயிலையும் குரக்கனும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஊவா மலைகளில் அதனைச் செய்வது கடினமன்று. ஆனால் அதில் நலம் தருவது எது, வெறும் பெயர் எது என்பதை முதலிற் பிரித்தறிதல் வேண்டும்.

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து உருட்டி, அவ்வுருண்டையை நீரில் இட்டுக் கையாற் கழுவிக்கொண்டே இருந்தால், மாச்சத்து பால்போலக் கரைந்து போய்விடும். இறுதியில் இறப்பர்போல் இழுபடுகின்ற பசை ஒன்று கையில் எஞ்சும். அதுவே குளூட்டன். இத்தாலியின் பொலோனா நகரத்து அறிஞர் பெக்காரி 1728ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாகப் பிரித்துக் காட்டினார். கோதுமையிலுள்ள இருவகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து வலைபோற் பின்னிக்கொள்வதால் இப்பசை உண்டாகின்றது. பாண் பொங்கி எழும்போது அதனுள் எழுகின்ற காற்றைச் சிறைப்படுத்தி வைப்பது இந்த வலைதான். ரொட்டியைப் பிய்க்கும்போது நார்போல் இழுபடுவதும் இதனாலேயே. குரக்கனிலும் அரிசியிலும் குளூட்டன் இல்லை. ஆதலால் தனிக் குரக்கன் மாவில் ரொட்டி தட்டினால் விளிம்பு வெடிக்கின்றது. பாண் சுட்டால் எழும்பாமற் கல்லாகின்றது.

பிரவுனியின் கதை வேறு. அமெரிக்காவில் ஃபானி ஃபார்மர் எழுதிய சமையல் நூலின் 1906ஆம் ஆண்டுப் பதிப்பில் சொக்கலேற் சேர்ந்த பிரவுனியின் செய்முறை இடம்பெற்றுள்ளது. கேக்கைப்போல் உயர்ந்து எழும்பாமல், தாழ்ந்து, அடர்ந்து, ஈரம் காயாமல் இருப்பதே அதன் இலக்கணம். அதில் மா குறைவு. வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையுமே மிகுதி. சூட்டில் இறுகுகின்ற முட்டைதான் அதனைத் தாங்கி நிற்கின்றது. கோதுமை மா இட்டுச் செய்பவர்கள்கூட, குளூட்டன் வலை உருவாகிப் பண்டம் சவ்வாகிவிடக் கூடாதென்று அதிகம் கலக்காமல் விடுவர். எனவே பாணுக்குக் குறையாக உள்ள குரக்கனின் இயல்பு பிரவுனிக்குக் குறையாவதில்லை. கோதுமையை நீக்கியும் குணம் கெடாத சில பண்டங்களுள் இது ஒன்று.

கோதுமையை நீக்குவது எல்லோருக்கும் நன்மை என்று எண்ணுவது பிழை. குளூட்டன் பெரும்பாலோருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. அது வெறும் புரதமே. சீலியாக் என்னும் நோய் உடையவர்களுக்கே அது நஞ்சு. அவர்களின் உடல் குளூட்டனைக் கண்டதும் தன் குடலின் உட்சுவரையே தாக்குகின்றது. உணவை உறிஞ்சுகின்ற நுண்விரல்கள் அழிகின்றன. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து, 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் வெளியிட்டார். 1944ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் அந்நாட்டுக் குழந்தைகளுக்குப் பாண் கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைகள் மெலிய, இந்நோயுற்ற குழந்தைகளோ தேறினர். பாண் மீண்டும் வந்தபோது நோயும் மீண்டது. இதனை அவர் கண்டு குறித்துள்ளார்.

தென்னிந்தியரிடையே இந்நோய் வட இந்தியரைவிட மிகக் குறைவு என்று இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. தெற்கே கோதுமை உண்பது குறைவு என்பதும் அவ்வாய்வுகளிற் குறிக்கப்பட்டுள்ளது. மலையகத் தமிழரின் முன்னோர் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வந்த தென்னிந்தியரே. ஆனால் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று வட இந்தியரைப்போல் நாள்தோறும் கோதுமை உண்கின்றனர். அவர்களிடையே இந்நோய் அரிதாக இருக்கலாம். இருந்தாலோ கண்டறிவது எளிதன்று. ஓயாத வயிற்றோட்டம், உப்பிய வயிறு, வளராத உடல், மாத்திரைக்கு அடங்காத சோகை ஆகியவை அதன் அறிகுறிகள். தோட்டத்தில் ஒரு பிள்ளை மெலிந்திருந்தால் பூச்சி என்பர். அல்லது வறுமை என்பர். மூன்று வேளையும் உண்கின்ற ரொட்டியே நோய்க்குக் காரணமாகலாம் என்று யார் நினைப்பார்? ஐயமிருந்தால் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். பரிசோதனைக்கு முன்னதாகக் கோதுமையை நிறுத்திவிடலாகாது; நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமற் போகலாம்.

குரக்கன் மலையகத்தாருக்குப் புதிய தானியமன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் கடல் கடந்து வந்தவர்கள் தத்தம் ஊரில் கேழ்வரகுக் கூழும் களியும் உண்டு வளர்ந்தவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது கோதுமை மா அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. குரக்கனோ ஏழையின் உணவு என்ற இழிபெயரோடு மறைந்தது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. உமியோடு உள்ள நார்ச்சத்தும் மாவில் நிலைத்திருக்கின்றது.

இனிப் பச்சைத் தேயிலை. தோட்டத்தில் இச்சொல் பறித்த கொழுந்தையும் குறிக்குமாதலால் குழப்பம் நேரலாம். கருந்தேயிலை, பச்சைத் தேயிலை இரண்டும் ஒரே செடியின் கொழுந்துதான். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தால் இலையிலுள்ள நொதி வேலை செய்து இலை செம்பழுப்பாகின்றது. அதனை உலர்த்தினால் கருந்தேயிலை. பறித்தவுடனேயே ஆவியிலோ சூடான இரும்புச் சட்டியிலோ இட்டு அந்நொதியை அழித்துவிட்டால் பசுமை நிற்கும். ஜப்பானியர் ‘மச்சா’ என்று சொல்லும் தூள் இன்னும் நுட்பமானது. பறிப்பதற்கு முன் சில வாரங்கள் செடிக்கு நிழலிட்டு, கொழுந்தை அவித்து, உருட்டாமல் உலர்த்தி, நரம்பு நீக்கி, கல் திரிகையில் அரைக்கின்றனர். ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் 40 கிராம் அளவே அரைக்கும். அதன் விலைக்குக் காரணம் அதுவே. வீட்டுத் தேவைக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இலங்கையில் ஆக்கப்படும் பச்சைத் தேயிலையையே ஈரமற்ற அரவையில் இட்டு அரைத்து, மெல்லிய துணியிற் சலித்துக்கொள்ளலாம். கசப்பு சற்று மிகும். அளவைக் குறைத்தாற் போதும். மருந்து தெளித்த தோட்டத்துக் கொழுந்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. தவிரவும், நாள் முழுதும் கொழுந்து பறிக்கின்ற பெண்ணுக்கு அதில் ஒரு பிடியும் உரிமையில்லை என்பது தோட்டத்தின் வழக்கு. வீட்டு முற்றத்தில் சொந்தமாக ஓரிரு செடி வைத்திருப்போர் இளங்கொழுந்தை ஒரு நிமிடம் ஆவியில் வாட்டி, நிழலில் உலர்த்தி, பின் இளஞ்சூட்டில் மொறுமொறுப்பாக்கி அரைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இது. குரக்கன் மா 70 கிராம், அரிசி மா 20 கிராம், பச்சைத் தேயிலைத் தூள் 8 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலித்துக்கொள்ள வேண்டும். தூள் கட்டிகட்டியாக நிற்கும் இயல்புடையது. சலிக்காவிடில் வாயிற் கசப்பு முடிச்சுகள் அகப்படும். வெண்ணெய் 100 கிராமை உருக்கி, சர்க்கரை 140 கிராம் சேர்த்துக் கலக்கி, சூடு தணிந்தபின் இரண்டு முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றிப் பளபளக்கும்வரை அடிக்க வேண்டும். மாக்கலவையை இதனோடு சேர்த்து அரை மணி நேரம் மூடி வைத்தல் இன்றியமையாதது. குரக்கனும் அரிசியும் மெதுவாகவே நீரை ஏற்பவை. அவசரப்பட்டால் மணல்போல் நெருடும். பின்னர் 18 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் ஊற்றி, 175 பாகைச் சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடம் சுட வேண்டும். நடுவே குத்திய ஈர்க்கில் சிறிது ஈரத்துகள் ஒட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். முற்றிலும் காய்ந்து வந்தால் பிரவுனி கேக்காகிவிட்டது என்று பொருள்.

மின் அடுப்பு இல்லாத வீட்டில், கனமான பெரிய சட்டியில் மணல் பரப்பிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்து மூடி, மூடிமேலும் தணல் இட்டுச் சுடலாம். மேல் தணல் கீழ்த் தணலைவிட மிகுந்திருத்தல் நன்று. இல்லாவிடில் அடி கருகி மேல் வேகாது நிற்கும். முதன்முறை செய்வோர் 15 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குதல் வேண்டும்.

பச்சை நிறத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. குரக்கனின் செம்பழுப்பு அதனை மறைத்துவிடும். சூடும் இலைப்பசுமையை மங்கச் செய்யும். நிறம் வேண்டுவோர் குரக்கனை விட்டு அரிசி மாவை மட்டும் கொள்ளலாம். ஆனால் அப்போது சத்தும் குறையும். கித்துள் கருப்பட்டியும் நிறத்தை இருளாக்கும், தேயிலையின் மணத்தையும் விழுங்கும். கருப்பட்டியிட்டால் சர்க்கரையின் தீமை இல்லை என்பதும் உண்மையன்று.

இந்த அளவில் 16 துண்டுகள் கிடைக்கும் என்றால், ஒரு துண்டில் ஏறத்தாழ 9 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு தேக்கரண்டி உண்டு. குரக்கன் தருகின்ற சுண்ணாம்புச் சத்தோ துண்டுக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். பிரவுனி உண்டு எலும்பு வளர்த்தார் எவருமில்லை. காலையில் 100 கிராம் குரக்கன் மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துத் தட்டுகின்ற ரொட்டி, ஒரு தட்டுப் பிரவுனி முழுவதிலும் உள்ள குரக்கன் தருவதைவிட அதிகச் சுண்ணாம்புச் சத்தைத் தரும். கோதுமையை விலக்க வேண்டிய பிள்ளை, பிறந்தநாளிலும் தீபாவளியிலும் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து ஓர் இனிப்பை அச்சமின்றி உண்ணலாம் என்பதே இப்பண்டத்தின் மெய்யான பயன்.

தேயிலைத் தூளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. தேநீரில் வடித்த சாறு மட்டுமே வயிற்றிற் சேரும். தூளிலோ இலை முழுவதும் சேர்கின்றது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி பற்றிக்கொள்கின்றன. தோட்டப் பெண்களிடையே சோகை பரவலாக உள்ள நிலையில் இதனைப் புறக்கணிக்க இயலாது. ஆதலின் தேயிலை சேர்ந்த இப்பண்டத்தையும், வெறுந்தேநீரையும், சோற்றோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளி உண்பது முறை; கருவுற்ற பெண்கள் இரும்பு மாத்திரை விழுங்கும் வேளையில் இரண்டையும் தவிர்த்தல் வேண்டும். சோற்றோடு தேசிக்காய்ச்சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்கு சுவறும். தூளில் கஃபீனும் உண்டு. துண்டுக்கு ஒரு கோப்பைத் தேநீரிலுள்ளதைவிடக் குறைவே எனினும், சிறு பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்காதிருப்பது நல்லது.

சீலியாக் நோயாளருக்காகச் செய்வோர் மா அரைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். சந்தியிலுள்ள ஆலையில் கோதுமை அரைத்த கல்லிலேயே குரக்கனும் அரைபட்டால், எஞ்சிய துகளே அவர்களுக்குத் தீங்கு செய்யப் போதுமானது. குரக்கனைத் தானியமாக வாங்கி, கழுவி உலர்த்தி, வீட்டுத் திரிகையில் அரைப்பதே பாதுகாப்பு. தோசைக்கல், சல்லடை, தட்டு ஆகியவையும் கோதுமை படாதனவாக இருத்தல் வேண்டும். பேக்கிங் பவுடர் சேர்ப்பதாயின் அதில் கலந்துள்ள மாச்சத்து எதனின்று எடுத்தது என்று பொதியிற் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன செய்முறைக்கு அது தேவையில்லை. அரைத்த குரக்கன் மா நெடுநாள் வைத்தால் காறல் மணம் ஏறும். ஆகவே இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத தகரத்தில் இட்டு வைத்தல் போதுமானது.